அது என் வசனம்

தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் உங்க பக்கம் வச்சுக்கிறீங்களா? இடது காலை நீட்டி வச்சாத்தான் எனக்கு ஆகும். சர்க்கரைப் புண்ணு. கட்டுப் போட்டிருக்கு, நாறாது, பயப்படாதீங்க. டவுனுக்குத்தானே போறீங்க? நல்லதாப் போச்சு. கோர்ட் ஸ்டாப் வந்தா ஒரு குரல் குடுங்க. பேச ஆரம்பிச்சா எனக்கு வெளியே பாக்கத் தோணாது.

நான் மாதாகுளம். இஞ்ஞாசிமுத்துன்னு பேரு. அந்தப் பேரைச் சொல்லி விசாரிச்சா ஒருத்தருக்கும் தெரியாது. ‘பிலாத்து வீடு’ன்னு கேளுங்க, பக்கத்து ஊர்க்காரன்கூட வழி சொல்லுவான். நாங்க வேதக்காரங்க தம்பி. எங்க ஊர்ல ஈஸ்டர் முடிஞ்ச மறு சனிக்கிழமை பாஸ்கா போடுவோம். இயேசுநாதர் பாடுபட்ட நாடகம். அதுல இயேசுநாதருக்குத் தீர்ப்புச் சொல்ற அதிபதி, போஞ்சு பிலாத்து, எங்க வீடு. எங்க தாத்தா பிலாத்து, எங்க அப்பா பிலாத்து, அப்புறம் நான். கிரீடம், அங்கி, கை கழுவுற பித்தளைத் தாம்பாளம் எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில இருக்கும். பெட்டி எங்க வீட்ல, சாவி என் இடுப்புல. இருந்துச்சு. இப்ப இல்லை.

யார் வாங்கிட்டாங்கன்னு கேளுங்க. ஆண்டகை. எங்க மறைமாவட்டத்து மேற்றிராணியார், பிஷப்புன்னு சொல்வாங்களே, ஞானசீலன் ஆண்டகை. பேப்பர்ல படம் பாத்திருப்பீங்களே, பூட்டின கோவில் கேட்டுக்கு வெளியே ஜீப் மேல துணி விரிச்சுப் பூசை வச்சாரே, அவரேதான். அந்தக் கேட்டும் எங்க ஊரு கேட்டுதான். பூட்டுப் போட்டது எங்க தெருப் பையனுங்க. அதை விடுங்க.

வேற யாராச்சும் இப்படிப் பண்ணியிருந்தா எனக்கு இவ்வளவு வயித்தெரிச்சல் இருக்காது. வேத்தாளு, அவனுக்கென்ன தெரியும்னு விட்டிருப்பேன். இவர் நம்ம ஆளு தம்பி. அவங்கம்மா எங்க சித்தி வழியில சொந்தம். அவரை மேற்றிராணியார் ஆக்கினப்ப மேலத்தெரு முழுக்க வெடி போட்டோம். பிளெக்ஸ் வச்சோம், அதுல என் படமும் ஓரத்துல இருந்துச்சு. முதல் தடவை ஊருக்கு வர்றார்னு பேண்டு வாத்தியம், முத்துக்குடை, மேலத்தெரு முனையில பந்தல். மனுசன் என்ன பண்ணினார் தெரியுமா? கீழத்தெரு முனையிலேயே காரை விட்டு இறங்கிட்டார். அங்கேருந்து நடந்தே கோவிலுக்கு வந்தார். நாங்க முத்துக்குடையைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நிக்கிறோம். மதியச் சாப்பாட்டுக்கு என் வீட்ல ஆடு அடிச்சிருக்கு. அவர் கீழத்தெருவுல சாப்பிட்டாச்சுன்னு ஃபாதர் வந்து சொல்றார். அந்தக் கறியை நாங்க ரெண்டு நாள் தின்னோம். எனக்கு ஒரு துண்டு இறங்கலை.

கீழத்தெருன்னா உங்களுக்குப் புரியும்னு நினைக்கிறேன். நீங்க எந்த ஊரு தம்பி? டவுனேவா? டவுன்ல எந்தப் பக்கம்? சும்மாதான் கேட்டேன். எனக்கு அதுல எல்லாம் ஒண்ணும் கிடையாது. நான் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு சுவர் இருந்துச்சு, இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. யாருக்கும் ஒரு இடைஞ்சலும் இல்லாத சுவர். இடிங்கன்னுட்டார். தேரு எல்லாத் தெருவுக்கும் போகலைன்னா திருவிழாவே கிடையாதுன்னு சுற்றுமடல் விட்டார், எல்லாக் கோவில்லயும் வாசிச்சாங்க. அதுக்குத்தான் கேட்டைப் பூட்டினது. சரி, அதையெல்லாம்கூடச் சகிச்சுக்கிட்டோம். கடைசியா பாஸ்காவுல கை வச்சார்.

எங்க பாஸ்காவுல யாருக்கு எந்த வேஷம்னு எங்க தாத்தா காலத்துலயே முடிவானது. இயேசுநாதர் பெரியவீட்டுக்காரங்க. மாதா வேஷம், அருளப்பர் வேஷம், அப்போஸ்தலமாரு எல்லாம் மேலத்தெரு. கீழத்தெருக்காரங்களையும் நாங்க ஒதுக்கலை. யூதாசு அவங்கதான். ரெண்டு கள்ளனுங்களும் அவங்கதான். சாட்டை அடிக்கிற சேவகனுங்களும் அவங்கதான். அவங்க இல்லாம பாஸ்கா ஏது? இதைத்தான் நான் ஆண்டகைகிட்டயும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார்.

தவக்காலத்துக்கு முன்னாடி ஊருக்கு வந்தார். பங்கு மண்டபத்துல ரெண்டு தெருவையும் உக்கார வச்சார். வேஷத்துக்கெல்லாம் சீட்டுப் போடப்போறோம்னார். பேரையெல்லாம் எழுதி, தன் தலையில இருந்த அந்த ஊதாத் தொப்பியைக் கழட்டி, அதுக்குள்ள போட்டார். மேற்றிராணியார் தொப்பி தம்பி. ரோம்ல இருந்து வந்தது. அதைக் குலுக்கிக்கிட்டு நிக்கிறார், ஒரு சிஸ்டர் எடுத்து எடுத்து வாசிக்குது.

பிலாத்து போயிட்டா எங்கப்பா ஆத்துமா என்னைச் சும்மா விடாது. என்ன ஆச்சு தெரியுமா? பிலாத்துக்கு என் பேரே வந்துச்சு. அன்னைக்கு அந்த மண்டபத்துல நான் அழுதுட்டேன். ஆண்டவர் சித்தம் அதுதான்னு நினைச்சேன்.

இயேசுநாதருக்கு யார் வந்தது? சந்தியாகு. கீழத்தெரு சந்தியாகு.

நல்ல பையன்தான், குறை சொல்லக்கூடாது. பெரியாஸ்பத்திரியில நர்ஸு வேலை, கவர்மெண்டு. புண்ணுக்குக் கட்டுப் போடுற ரூம்ல இருக்கான். இந்தக் காலுக்குக் கட்டுப் போடுறதே அவன்தான். கை பஞ்சு மாதிரி இருக்கும். நான் போனா வரிசையில நிக்க விடமாட்டான், ‘வாங்கய்யா’ன்னு கூப்பிட்டு, ஸ்டூல்ல உக்காந்து, காலைத் தூக்கித் தன் தொடையில வச்சுக்குவான். நான் ஒருநாளும் வேணாம்னு சொன்னதில்லை. அதனாலதான் சொல்றேன், எனக்கு அதுல எல்லாம் ஒண்ணும் கிடையாது. ஆனா அது ஆஸ்பத்திரி. இது பாஸ்கா. கடைசி இராப்போசனத்துல அவன் பிட்டுக் குடுக்குற அப்பத்தை மேலத்தெரு அப்போஸ்தலமாரு வாயில வாங்கணும்ல? அதைச் சொல்லி அன்னைக்கே எங்க தெரு மொத்தமும் எந்திரிச்சிருச்சு. ஒருத்தனும் வேஷம் கட்டமாட்டோம்னு போயிட்டானுங்க. மிச்ச வேஷமெல்லாம் கீழத்தெருவுக்கே போச்சு. எங்க தெருவுல நான் மட்டும் இருந்தேன். பிலாத்துக்கு அப்பம் கிடையாது பாருங்க.

இது எந்த ஸ்டாப்பு? சர்க்கரை ஆலையா. இன்னும் இருக்கு.

ஒரு வாரம் கழிச்சு எங்க தெருப் பையனுங்க ஏழெட்டுப் பேரு ஃபாதர்கிட்ட போனானுங்க. முன்னாடி நின்னது என் அக்கா மகன் டோமினிக். ‘நாங்க நடிக்கிறோம் ஃபாதர். பெரிய வேஷம் எதுவும் வேணாம். சேவகன் வேஷம் குடுங்க போதும்’னானுங்க. கீழத்தெரு கட்டுற வேஷத்தை மேலத்தெருப் பையனுங்க கேட்டு வாங்குறானுங்க. ஃபாதர் சின்ன வயசு, கண்ணு கலங்கிட்டார். மனமாற்றம்னு ஆண்டகைக்குப் போன் போட்டார். ஆண்டகைக்கும் அவ்வளவு சந்தோசமாம். நானே நேர்ல வர்றேன்னுட்டார். நாடகத்தன்னைக்குச் சாயங்காலம் வந்து, வேஷம் கட்டின அந்தப் பையனுங்களை வரிசையா நிக்க வச்சு, ஒவ்வொருத்தன் தலையிலயும் கையை வச்சு ஆசீர்வாதம் பண்ணினார். டோமினிக்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். ‘நீங்கதான்யா இந்த ஊரைத் தூக்கி நிறுத்தப்போறீங்க’ன்னார்.

இதுல யாரைத் தப்பு சொல்றது? பெரிய படிப்புப் படிச்ச மனுசன், ரோம்ல எல்லாம் இருந்தவர். அவருக்கே தெரியலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?

சாட்டைதான் விவகாரம். நாடகச் சாட்டைன்னு ஒண்ணு இருக்கு. பருத்தி நூல்ல திரிச்சது, எங்கம்மா திரிச்சது. சிவப்புச் சாயத்துல நனைச்சு அடிச்சா முதுகுல ரத்தம் மாதிரி கோடு கோடா விழும். ஒரு பூனைக்குட்டிக்குக்கூட வலிக்காது. அது பெட்டிக்குள்ள இருந்துச்சு. சாவி என்கிட்ட. நான் முகத்துல ரோஸ் பவுடர் போட்டு தாடி ஒட்டிக்கிட்டிருக்கேன், டோமினிக் வந்தான். ‘மாமா, நூல் சாட்டையை எடுக்க வேணாம். நாங்க வேற வச்சிருக்கோம்’னான். நான் சரின்னேன். வேற என்ன சொல்றது? பாதி தாடி ஒட்டியிருக்கு, வாயைத் திறந்தா பசை விட்டுப்போகும். வேற சாட்டைன்னா அவன் வேற நூல்ல திரிச்சிருப்பான்னு நான் நினைச்சிருக்கலாம்ல? நினைச்சேன்னே வச்சுக்குங்களேன்.

வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பிச்சோம். கூட்டம்னா கூட்டம். ஆண்டகை முன்வரிசையில. சந்தியாகு நல்லாத்தான் பண்ணினான், கெத்சமனித் தோட்டத்துல பொம்பளைங்க எல்லாம் அழுதாங்க, எங்க தெருப் பொம்பளைங்களும்தான். அப்புறம் என் காட்சி. நான் சிம்மாசனத்துல. அவனைத் தூண்ல கட்டியிருக்கு. ‘இவனைக் கொண்டுபோய்ச் சாட்டையால் அடியுங்கள்’னு நான் சொல்லணும். சொன்னேன். என் குரல் கடைசி வரிசை வரைக்கும் மைக் இல்லாம போகும் தம்பி.

முதல் அடியிலயே தெரிஞ்சுபோச்சு. சத்தமே வேற. அது மாட்டுச் சாட்டை. நுனியில முடிச்சுப் போட்டது.

இப்ப ஒண்ணு உங்களுக்குச் சொல்லணும். அடியை நிறுத்துறது பிலாத்து. அதுதான் முறை. நான் எந்திரிச்சு, வலது கையைத் தூக்கி, ‘போதும். நிறுத்துங்கள் சேவகர்களே. இதோ மனிதன்’னு சொல்லணும். அதைச் சொன்னா சாட்டை நிக்கும். அது எங்க வீட்டு வசனம். எங்கப்பா அதைச் சொல்லும்போது கூட்டத்துல ஈ பறக்கிற சத்தம் கேக்கும். ஆனா அதுக்கு முன்னாடி ஆர்மோனியக்காரர் ஒரு இழுப்பு இழுக்கணும். அந்தச் சுதியைப் பிடிச்சுத்தான் நான் எந்திரிக்கணும். காலங்காலமா அப்படித்தான். நான் காத்துக்கிட்டிருக்கேன். அந்தாளு ஆர்மோனியத்தை விட்டுட்டு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறான். சுதி வரலை. சுதி வராம எப்படி எந்திரிக்கிறது? சொல்லுங்க. நாடகம்னா ஒரு ஒழுங்கு இருக்குல்ல?

சந்தியாகு கத்தலை. அதுதான் பாவி பண்ணின தப்பு. கத்தியிருந்தா யாராச்சும் வந்திருப்பாங்க. ஜனங்க, நல்லா நடிக்கிறான்னு நினைச்சுக்கிட்டு அழுதாங்க. ஒரு தடவை தலையைத் திருப்பி என் பக்கம் பாத்தான். கிட்டத்துல இருக்கேன், இந்தக் கண்டக்டர் சீட்டு தூரம்தான். வசனம் எப்ப வரும்னு அவனுக்கும் தெரியும்ல, ஒத்திகைக்கெல்லாம் ஒழுங்கா வந்தவனாச்சே. நான் என்ன பண்ணுவேன், ஆர்மோனியக்காரனைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

அப்பத்தான் ஆண்டகை எந்திரிச்சு மேடைக்கு ஏறினார். வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, அந்த வயசுல, ஏணிப்படியில. ஏறின வேகத்துல டோமினிக் சாட்டைக்குக் குறுக்கே போய்ச் சந்தியாகு முதுகை மறைச்சு நின்னுட்டார். அடி அவர் கையில விழுந்துச்சு. அந்தக் கையைத் தூக்கி, ‘போதும்’னார்.

அது என் வசனம் தம்பி.

மூணு தலைமுறையா எங்க வீட்டு வசனம். ஆயிரம் பேரு முன்னாடி அவர் எடுத்துச் சொல்லிட்டார். நான் கிரீடத்தை வச்சுக்கிட்டு சிம்மாசனத்துல உக்காந்திருக்கேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்? இதை ஊர்ல யார்கிட்ட சொன்னாலும் புரியலை. சிரிக்கிறானுங்க.

அவர் கையில ரத்தத்தைப் பாத்ததும்தான் கூட்டத்துக்கு உறைச்சுது. எங்க தெருப் பொம்பளைங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. ‘ஐயோ, அபிஷேகம் பண்ணின கையாச்சே’ன்னு ஒரே அழுகை. ஆண்டகைக்கு அப்படி ஒரு கோவம் வந்து நான் பாத்ததில்லை. கயித்தை அவரே அவுத்து, சந்தியாகுவைத் தோளைப் பிடிச்சுத் திருப்பி, முதுகைக் கூட்டத்துக்குக் காட்டினார். ‘இதுவும் அபிஷேகம் பண்ணின உடம்புதான். ஞானஸ்நானத்துல தைலம் பூசினது. இதுக்கு ஏன் ஒருத்தரும் அழலை?’ன்னு கேட்டார். அவனைத் தன் கார்லயே ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். நாடகம் அதோட நின்னுபோச்சு. ‘இந்தப் பழி என்னைச் சேராது’ன்னு பிலாத்து கை கழுவுற காட்சி வரவே இல்லை. அதுதான் என் பேர் சொல்ற காட்சி, அதுக்குன்னே வெளியூர்லேருந்து வருவாங்க. தாம்பாளத்துல தண்ணி ஊத்தினது ஊத்தினபடி இருந்துச்சு.

மறுநாள் ஆண்டகையே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் குடுத்தார். தன் கையில பட்டதை எழுதலை, அவன் முதுகைப் பத்தி மட்டும். டோமினிக்கைப் பிடிச்சு உள்ளே வச்சுட்டாங்க. நல்லவேளை, எங்க வக்கீல் ஒண்ணு சொன்னார். வன்கொடுமைச் சட்டம் இருக்குல்ல, அது வேதத்துல சேந்தவங்களுக்குப் பொருந்தாதாம். கிறிஸ்தவனாயிட்டா சாதி இல்லைன்னு கணக்காம். அதனால சாதாரண அடிதடிக் கேஸுதான், ஜாமீன் கிடைச்சுப்போச்சு. எனக்கு அதுதான் விளங்கலை. கவர்மெண்டே எங்களுக்குள்ள சாதி இல்லைங்குது. இவர் என்னடான்னா இருக்கு இருக்குன்னு ஊர் ஊராப் போய்ச் சொல்றார்.

இப்ப கேஸு கோர்ட்டுக்கு வந்திருக்கு. நான்தான் முக்கியமான சாட்சியாம், மேடையில கிட்டத்துல இருந்தவன். எங்க வக்கீல் என்ன சொல்றார்னா, நாடகச் சாட்டைன்னு நினைச்சுத்தான் எடுத்தான், எங்கேயோ மாறிப்போச்சு, வேணும்னு பண்ணலைன்னு. பெட்டியில நூல் சாட்டை பூட்டினபடி இருந்துச்சு, இவன் வேண்டாம்னு சொன்னான்னு நான் சொன்னா அவ்வளவுதான், பையன் கதை முடிஞ்சுது. எங்க ரெஜினா அக்கா என் வாசல்ல வந்து விழுந்து கிடக்கு. ‘உன் வாயாலயா என் புள்ளை ஜெயிலுக்குப் போகணும்’னு அழுவுது. நான் என்ன பண்றது?

போன மாசம் ஆண்டகை கூப்பிட்டு விட்டார். போனேன். காப்பி குடுத்தார். ‘மாமா’ன்னுதான் கூப்பிடுறார், உறவுமுறை விட்டுப்போகலை. டோமினிக்கும் மாமாங்கிறான், இவரும் மாமாங்கிறார். பெட்டிச் சாவியைக் கேட்டார். குடுத்துட்டேன். மேற்றிராணியார் கேட்டா குடுக்காம என்ன பண்றது? ஆனா மனசுல இருந்ததைக் கொட்டிட்டேன். ‘எங்க வீட்டு வசனத்தை நீங்க சொல்லியிருக்கக்கூடாது ஆண்டகை. எனக்குப் பெரிய அவமானமாப் போச்சு’ன்னேன். திட்டுவார்னு பாத்தேன். தன் கையைத் தடவிக்கிட்டார். தழும்பு இருக்கு. அப்புறம் சொன்னார், ‘சரி மாமா. அது உங்க வசனம்தான். நான் எடுத்தது தப்புதான். திருப்பிக் குடுத்துடுறேன். மேடையில சொல்ல விட்டுப்போனதை கோர்ட்டுல போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு வந்து சாவியை வாங்கிக்கங்க’ன்னு. அந்தப் பசங்களை ஆசீர்வாதம் பண்ணினது தான்தான்னு, அதை நினைச்சா தூக்கம் வரலைன்னும் சொன்னார். அது அவர் பாடு.

போன வாய்தாவுக்கு எனக்குக் காய்ச்சல். அதுக்கு முந்தின வாய்தாவுக்குப் பஸ்ஸு கிடைக்கலை. இன்னைக்கு வரலைன்னா வாரண்டுன்னு சொல்லியிருக்காங்க. கிளம்பி வந்துட்டேன் பாத்தீங்கல்ல. வரமாட்டேன்னு சொல்ற ஆளு இல்லை நான்.

சந்தியாகுவா? அவன் வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்கான். செவ்வாய்க்கிழமை கட்டு மாத்தப் போனேன். போகக் கூச்சமாத்தான் இருந்துச்சு. வேற யாராச்சும் போடட்டும்னு மெதுவா வரிசையில நின்னேன். பாத்துட்டான். ‘வாங்கய்யா’ன்னு எப்பவும் போலக் கூப்பிட்டான். ஸ்டூல்ல உக்காந்து காலை எடுத்துத் தொடையில வச்சுக்கிட்டான். குனியும்போது முதுகு இன்னும் இழுக்குது போல, ஒரு பக்கமாத்தான் சாயுறான். புண்ணு உள்ளே போயிருக்கு, அழுகினதை வெட்டி எடுக்கணும்னான். ‘வலிச்சாச் சொல்லுங்கய்யா, நிறுத்திடுறேன்’னான். கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். தாங்கலை. ‘போதும்’னேன். மெதுவாத்தான் சொன்னேன் தம்பி, வாய்க்குள்ளதான். அவன் உடனே கையை எடுத்துட்டான்.

உடனே எடுத்துட்டான்.

என்ன? கோர்ட்டா? இதுவா? கூட்டமா இருக்கே. கொஞ்சம் இருங்க, கால் மரத்துப்போச்சு. பை எங்கே? உங்க பக்கம்தானே. அந்தம்மா கொஞ்சம் வழி விட்டா... பரவாயில்லை, விடுங்க, கண்டக்டர் விசில் குடுத்துட்டார். இனிமே நிறுத்தச் சொன்னா திட்டுவான். நீங்க நிறுத்தச் சொல்லாதீங்க, உக்காருங்க. அடுத்து ஆஸ்பத்திரி ஸ்டாப்புதான், அங்க இறங்கிப் புண்ணுக்குக் கட்டாவது மாத்திக்கிறேன். இல்லை, வேணாம், அவன் இருப்பான். பஸ் ஸ்டாண்டுக்கே போயிடுறேன். என்ன தம்பி நீங்க, நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கொஞ்சம் முன்னாடியே ஒரு குரல் குடுத்திருந்தா நான் எந்திரிச்சிருப்பேன்ல.